ஆர்டர் குறைந்த நேரத்தில் சாஃப்ட்வேருக்கும் பிஆருக்கும் செலவு செய்யலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். மதுரை பக்கத்துக் கப்பலூரில் அப்பா நடத்தும் ரப்பர் மோல்டிங் யூனிட், பிரைவேட் லிமிடெட். 60 பேர் வேலை பார்க்கிறார்கள், வருஷத்துக்குச் சுமார் 9 கோடி விற்பனை. பாதிச் சரக்கு இங்குள்ள பெரிய பம்ப் கம்பெனிகளுக்கு, மீதி சென்னையில் ஒரு ஏற்றுமதியாளர் வழியாக அமெரிக்காவுக்கு. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கிய பிறகு அந்தப் பாதி ஏறக்குறைய நின்றுவிட்டது. கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது: சரக்கு, உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஈஆர்பி சாஃப்ட்வேருக்கு 14 லட்சம், கம்பெனி பெயரைப் பேப்பரிலும் இன்ஸ்டாகிராமிலும் கொண்டுவர ஒரு பிஆர் (மக்கள் தொடர்பு) ஏஜென்சிக்கு மாதம் 40,000. அப்பா இரண்டையும் தூக்கிப் போடச் சொல்கிறார். நீங்கள் போன செமினாரில், மந்த காலத்தில் துணிந்து செலவு செய்பவர்தான் பிறகு முந்துவார் என்றார்கள். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

சாஃப்ட்வேர் வாங்குவதா வேண்டாமா என்பதைத் தாண்டி உங்களுக்கு ஒரு பயம் இருப்பது கேள்வியின் கடைசி வரியில் தெரிகிறது. எந்தச் செலவை நிறுத்தினால் ஆறு மாதம் கழித்து அடி விழும், அதுவரை பேங்கிலும் சப்ளையரிடமும் வேலையாட்களிடமும் என்ன பேசுவது, இதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் முதலில் ஒரு வங்கியின் தொழிற்கடன் பிரிவில் இருந்தேன். பிறகு மதுரை, விருதுநகர், திண்டுக்கல் பக்கத்துச் சிறு தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் அமைத்துக் கொடுப்பதே என் தொழிலாகிவிட்டது. 2008, 2016, 2020 மூன்று இறக்கங்களையும் இந்த இரண்டு பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. உங்கள் இரண்டு கொட்டேஷனும் ஒரே கேள்விக்குள் அடங்கும். யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும், நாம் யாருக்கு எந்தத் தேதியில் தர வேண்டும் என்பது இன்றைய தேதிக்குத் தெரிந்த முதலாளியால்தான் வெளியே நிதானமாகப் பேச முடிகிறது. தெரியாதவர் போனை எடுப்பதில்லை, எடுத்தால் காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுத்துவிடுகிறார். அதனால் இருக்கிற பணம் முதலில் அந்தக் கணக்கைச் சுத்தம் செய்யப் போகட்டும். அதற்கு 14 லட்சம் தேவைப்படாது.

செமினாரில் சொன்னது பாதி உண்மை. 1930களின் பெருமந்தத்தில் கெல்லாக் என்ற காலை உணவு நிறுவனம் விளம்பரத்தைக் கூட்டியது, போட்டியாளரான போஸ்ட் குறைத்தது, கெல்லாக் முந்தியது என்ற கதையை எல்லா இடத்திலும் சொல்வார்கள். நடந்ததுதான். ஆனால் அதே காலத்தில் விளம்பரத்துக்குச் செலவழித்தும் மூழ்கிப்போன கம்பெனிகளைப் பற்றி எந்தச் செமினாரிலும் பேசுவதில்லை. இதைவிட நம்பகமானது 2010இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ரஞ்சய் குலாட்டி, நிதின் நோரியா, ஃபிரான்ஸ் வோல்கெசோகன் மூவரும் வெளியிட்ட ஆய்வு. மூன்று மந்த காலங்களில் 4,700 கம்பெனிகள் என்ன செய்தன என்று பார்த்தார்கள். அவற்றில் 17 சதவீதம் தாக்குப்பிடிக்கவில்லை, 9 சதவீதம்தான் முன்பைவிடப் பலமாக வெளியே வந்தன. எல்லாச் செலவையும் போட்டியாளரைவிட வேகமாக வெட்டியவர்கள் முந்துவதற்கான வாய்ப்பு 21 சதவீதம். துணிந்து முதலீடு செய்தவர்களுக்கு 26. உற்பத்தி முறையைத் திருத்தி வீண்செலவைக் குறைத்துக்கொண்டே, தேர்ந்தெடுத்த சில இடங்களில் முதலீடு செய்தவர்களுக்கு 37. ஆக, அப்பா சொல்வதும் செமினார்க்காரர் சொல்வதும் தனித்தனியாக எடுத்தால் இரண்டுமே பலவீனமான வழி. ஒன்றை மறக்க வேண்டாம். அந்த 4,700உம் பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள். பணம் தேவையென்றால் பங்கு விற்றுத் திரட்ட முடியும். 60 பேர் வேலை பார்க்கும் யூனிட்டுக்கு, பேங்க் ஒரு வரம்பு வைத்துத் தரும் சிசி கடன் அக்கவுண்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. அதனால் அந்தச் சதவீதங்கள் உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். திசை பொருந்தும்.

சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் டேலி கணக்கு மென்பொருள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இன்று சாயங்காலம் கணக்கரோடு உட்கார்ந்து, உங்கள் பெரிய பம்ப் கம்பெனி ஒன்றின் பாக்கியைப் பில் வாரியாக எடுத்துப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் பெரும்பாலான யூனிட்களில் வந்த பணத்தை எந்தப் பில்லுக்கு என்று பிரிக்காமல் ‘ஆன் அக்கவுண்ட்’ என்று மொத்தமாகப் போட்டு வைத்திருப்பார்கள். திரையில் 38 லட்சம் பாக்கி என்று நிற்கும். அதில் எது 20 நாள் பில், எது 140 நாள் பில் என்று சொல்ல ஆள் இருக்காது. அதற்குள் ரிஜெக்‌ஷனுக்கு அவர்கள் போட்ட டெபிட் நோட் (பாக்கியில் கழித்துக்கொள்ளும் சீட்டு) ஒன்று ஏதோ மெயிலில் கிடக்கும். ஷோர் ஹார்ட்னெஸ் (ரப்பரின் கடினத்தன்மை) குறைவு என்று திருப்பிய கேஸ்கெட்டுகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் பாகங்கள்) உங்கள் ஸ்டோரில் சாக்கில் இருக்கும், கணக்கில் விற்ற சரக்காகவே நிற்கும். இதை வைத்துக்கொண்டு ஈஆர்பி போட்டால் பழைய குழப்பம் புதுத் திரையில் தெரியும், அவ்வளவுதான். ஒரு நல்ல கணக்கரைச் சில வாரம் கூடுதலாக உட்கார வைத்து, ஒவ்வொரு ரசீதையும் அந்தந்தப் பில்லோடு சேர்த்து, டெபிட் நோட்டுகளைக் கழித்து, கட்சிக்காரரிடம், அதாவது சரக்கு வாங்குபவரிடம், பாக்கிச் சான்றும் வாங்கிவிட்டால் கையில் ஒரு உண்மையான பட்டியல் வரும். இந்த நேரத்தில் உங்கள் யூனிட் செய்யக்கூடிய மிகச் சிறந்த தொழில்நுட்பச் செலவு இதுதான்.

அந்தப் பட்டியல் வந்ததும் என்னென்ன செய்ய முடியும் என்று பாருங்கள். உத்யம் என்ற மத்திய அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்குபவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்காக உங்கள் முக்கியமான கட்சிக்காரர் மேல் வழக்குப் போடச் சொல்லவில்லை. வருமான வரியில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியிருக்கிறது. அந்தக் காலக்கெடுவுக்குள் தராத தொகையை, கொடுக்கும் வருஷம் வரை சரக்கு வாங்கியவர்கள் செலவாகக் காட்ட முடியாது. எனவே மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய அக்கவுண்ட்ஸ் பிரிவே உங்களைப் போன்ற சப்ளையர்களின் பட்டியலைக் கையில் எடுக்கும். உத்யம் சான்றை பில்லோடு அனுப்பியிருக்கிறீர்களா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்தது ட்ரெட்ஸ், பில்லைக் காட்டி முன்கூட்டியே பணம் வாங்கும் இணைய ஏற்பாடு. ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்களில் உங்கள் பில்லை ஏற்றி, வாங்கியவர் ஒப்புக்கொண்டால், ஏதாவது ஒரு வங்கி தள்ளுபடி கழித்துக்கொண்டு சில நாளில் பணம் தந்துவிடும். பிறகு வாங்கியவர் கட்டாவிட்டாலும் அது வங்கிக்கும் அவருக்கும் உள்ள விவகாரம், உங்களிடம் திரும்பி வராது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. உங்கள் பம்ப் கம்பெனிகளில் ஒன்றாவது அந்த வரம்புக்குள் வரும் என்று நினைக்கிறேன். இன்னொன்று: சென்னை ஏற்றுமதியாளருக்கு 0.1 சதவீத ஜிஎஸ்டியில் பில் போட்டுக் கொடுத்திருந்தால், மூலப்பொருள் வாங்கும்போது நீங்கள் கட்டிய உள்ளீட்டு வரி உங்கள் கணக்கில் தேங்கியிருக்கும். அதற்கு ரீஃபண்ட் கேட்கலாம், ஆனால் 2 ஆண்டுக் காலக்கெடு உண்டு. ஆடிட்டரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

வெட்டக் கூடாத செலவுகளும் உண்டு. விற்பனை 5 கோடியைத் தாண்டிய உங்களுக்கு இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவது, கட்டாயம். பிரைவேட் லிமிடெட் என்பதால் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி காக்கும் கணக்கு மென்பொருள்தான் பயன்படுத்த வேண்டும். டேலி புதுப்பித்தலை நிறுத்திவிட்டுப் பழைய பதிப்பில் ஓட்டிக்கொள்ளலாம் என்று அப்பா நினைத்தால், வருஷ முடிவில் ஆடிட்டர் அதைத் தன் அறிக்கையில் எழுதுவார், அந்த அறிக்கையைப் பேங்க் படிக்கும். பேக்கப்பும் அப்படியே. கணக்கு முழுவதும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்து, பணம் கேட்டு மிரட்டும் ரான்சம்வேர் வந்து பூட்டிக்கொண்ட யூனிட்டுகளைப் பார்த்திருக்கிறேன். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதைக் கட்சிக்காரரிடமே கேட்டு எழுதும் நிலைமை வரும். இரண்டு வெளி ஹார்டு டிஸ்க், ஒன்று எப்போதும் வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புப் புதுப்பித்தல் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. எல்லா மெஷினையும் மாற்றப் பணம் இருக்காது. நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டியும் பார்க்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டரை மட்டும் இப்போது மாற்றுங்கள். யூபிஎஸ் பேட்டரியையும் பார்த்துவிடுங்கள்.

ஈஆர்பியைத் தள்ளிப்போடலாம். விற்க வந்தவர் 40 சதவீதத் தேய்மானம் கிடைக்கும், வரி மிச்சம் என்பார். கம்ப்யூட்டருக்கும் மென்பொருளுக்கும் அந்த விகிதம் உண்மைதான், 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதி. லாபமே இல்லாத வருஷத்தில் வரியை மிச்சம் பிடிக்க 14 லட்சம் செலவு செய்வதில் பொருளில்லை. அதே சமயம் ஈஆர்பி வீண் என்றும் நான் நினைக்கவில்லை. ஒரு டைக்கு (அச்சுக்கு) ஒரு ஷிப்டில் எத்தனை ஷாட் (அழுத்தி எடுப்பது), எவ்வளவு காம்பவுண்ட் (ரப்பர் கலவை) உள்ளே போனது, எவ்வளவு பிசிறாக வெட்டி வீசப்பட்டது என்பதைச் சூப்பர்வைசர் நோட்டில் ஒழுங்காக எழுதத் தொடங்குங்கள். ஆர்டர் குறைவாக இருக்கும்போதுதான் அவருக்கும் இதற்கு நேரம் இருக்கும். அந்த நோட்டில் ஆறு மாதத் தகவல் சேர்ந்தபின் ஈஆர்பி போடுபவரைக் கூப்பிட்டால், உங்களுக்கு எது தேவை என்று அவர் சொல்ல வேண்டியிருக்காது, நீங்கள் சொல்வீர்கள். விலையும் இறங்கும்.

பிஆர் ஏஜென்சியைப் பற்றி. உங்கள் கேஸ்கெட்டை வாங்குகிறவர்கள் ஒரு கை விரலில் எண்ணக்கூடிய பர்ச்சேஸ் மேனேஜர்கள். அவர்கள் ரீல்ஸ் பார்த்துச் சப்ளையரைத் தேர்ந்தெடுப்பதில்லை. டெஸ்ட் ரிப்போர்ட், டெலிவரி தேதி, விலை, ‘இந்த யூனிட் அடுத்த வருஷமும் இருக்குமா’ என்ற நம்பிக்கை, இவைதான் கணக்கு. மாதம் 40,000 வேண்டாம். அதில் ஒரு பங்கை வைத்து அப்பாவும் நீங்களும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் நேரில் போய் வாருங்கள். வெப்சைட்டில் பழைய போன் நம்பர் இருந்தால் மாற்றுங்கள். ஆனால் ‘பிஆர்’ என்பதை, நம்மைச் சார்ந்தவர்களோடு நாம் வைத்திருக்கும் பேச்சு என்று எடுத்துக்கொண்டால், உங்களுக்கு அது இப்போதுதான் மிக அதிகமாகத் தேவை. ஏஜென்சியால் அதைச் செய்ய முடியாது.

இந்தப் பக்கத்தில் ஒரு யூனிட்டில் நடந்தது. 2020 ஊரடங்கு முடிந்து ஆர்டர் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த நேரம். வெள்ளிவிழா என்று பேப்பரில் பெரிய விளம்பரம் கொடுத்தார் முதலாளி. சந்தையில் தன்மேல் நம்பிக்கை வரட்டும் என்றுதான் செய்தார், அவர் எண்ணத்தில் தவறில்லை. ஆனால் ரப்பரில் கலக்கும் கார்பன் பிளாக் கொடுத்தவருக்கு நான்கு மாதப் பாக்கி இருந்தது. அவர் அந்தப் பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு நேராக ஆபீசுக்கே வந்துவிட்டார். “விளம்பரத்துக்கு இருக்கிற காசு எனக்கு இல்லையாண்ணே?” என்று கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. அந்த வாரத்திலிருந்து அவர் மட்டுமில்லை, காம்பவுண்ட் மிக்ஸ் செய்து கொடுத்தவரும் ரொக்கம் வைத்தால்தான் லோடு என்று சொல்லிவிட்டார். சப்ளையர்களும் ஒருவரோடு ஒருவர் பேசுகிறவர்கள்தான்.

சப்ளையரிடம் நீங்களே முதலில் போங்கள். கையில் அந்தப் பாக்கிப் பட்டியல் இருந்தால், “அண்ணே, உங்களுக்கு ஆறு லட்சம் இருக்கு. 15ஆம் தேதி ஒரு லட்சம், அடுத்த மாசம் 10ஆம் தேதி ஒன்றரை, மிச்சம் பம்ப் கம்பெனி பணம் வந்ததும்” என்று தேதியோடு பேசலாம். சொன்ன முதல் தேதியில் சொன்ன தொகை போய்ச் சேர வேண்டும். அதனால் குறைத்தே சொல்லுங்கள்.

பேங்கிலும் அப்படித்தான். அந்த மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதைத் திடமாகச் சொல்கிறேன். சிசி கணக்கு வரம்பைத் தாண்டி 30 நாளைக் கடந்தால் எஸ்எம்ஏ-1, 60ஐக் கடந்தால் எஸ்எம்ஏ-2 (இரண்டும் வங்கியின் எச்சரிக்கைப் பட்டியல்), 90ஐக் கடந்தால் என்பிஏ, அதாவது வாராக்கடன். இது மேனேஜர் கையில் இல்லை, சிஸ்டமே குறித்துவிடும். பேங்குக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 90 நாளைத் தாண்டிய பாக்கியைப் பெரும்பாலான வங்கிகள் டிராயிங் பவரில் (எடுக்கக்கூடிய கடன் அளவில்) சேர்க்காது என்பதால் சிலர் பழைய பில்லைப் புதுப் பில்லாகக் காட்டுவார்கள். அதைச் செய்யாதீர்கள். ஸ்டாக் ஆடிட்டில் அது வெளியே வரும், வந்த பிறகு எந்த உதவியும் கிடைக்காது. 25 கோடி வரை கடன் உள்ள சிறு நிறுவனங்கள், கணக்கு என்பிஏ ஆவதற்கு முன்பே தாங்களாகவே மறுசீரமைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2016 மார்ச்சில் நடைமுறை கொடுத்திருக்கிறது. தாமாக வந்து கேட்பவர் மிகக் குறைவு. கேட்டுப் போகும் முதலாளியை மேனேஜர் வேறு விதமாகப் பார்ப்பார். நானும் அப்படித்தான் பார்த்தேன்.

வேலையாட்களிடம் பேசுவதுதான் கடினம், எல்லாரும் தள்ளிப்போடுவதும் அதைத்தான். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஓவர்டைம் நின்றுவிட்டது, இரண்டு பிரஸ் ஓடவில்லை, லாரி வருவது குறைந்துவிட்டது. டோல்கேட் பக்கத்து டீக்கடையில் கம்பெனியை விற்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்திருக்கும். நல்ல மோல்டர் அதைக் கேட்டதும் பக்கத்து யூனிட்டில் விசாரிக்கத் தொடங்குவார், முதலில் போவது எப்போதும் கைத்திறன் உள்ளவர்தான். 2020 மே மாதம், பயணிகளுக்கு வீடு வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி சுமார் 1,900 பேரை, அதாவது ஊழியர்களில் சுமார் கால்வாசிப் பேரை, நிறுத்தியபோது அதன் தலைவர் பிரையன் செஸ்கி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. எத்தனை பேர், ஏன், எத்தனை வாரச் சம்பளம் கிடைக்கும் என்று எல்லாம் அதில் இருந்தது, லேப்டாப்பை வைத்துக்கொள்ளவும் சொன்னார்கள். 2021 டிசம்பரில் அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனமான பெட்டர் டாட் காம் சுமார் 900 பேரைச் சில நிமிட ஜூம் அழைப்பில் நிறுத்தியது. இரண்டிலும் வேலை போனது, ஆனால் இரண்டாவது கம்பெனியின் பெயர் உலகம் முழுக்கக் கெட்டது. உங்களுக்கு ஜூமும் வேண்டாம் கடிதமும் வேண்டாம். சம்பள நாளன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் அப்பாவே நின்று பேச வேண்டும். “அமெரிக்கா ஆர்டர் நின்னுருச்சு. பம்ப் கம்பெனி ஆர்டர் இருக்கு. இந்த மூணு மாசத்துக்கு யாரையும் நிறுத்தப் போறதில்ல, ஓவர்டைம் கிடையாது. அதுக்கப்புறம் எப்படின்னு மூணாவது மாசம் இதே இடத்துல சொல்றேன்.” இவ்வளவு போதும். மூன்று மாதம் என்று சொல்லப் பணம் இருக்கிறதா என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும், இல்லையென்றால் ஒரு மாதம் என்று சொல்லுங்கள். போனஸ் பேச்சும் வரும். நஷ்டம் வந்தாலும் தகுதியுள்ளவர்களுக்குக் குறைந்தபட்சம் 8.33 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டியது சட்டம், அதை இல்லை என்று யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. லே-ஆஃப் (வேலை இல்லாததால் தற்காலிகமாக நிறுத்தி வைப்பது) கொடுக்கும் நிலை வந்தால், 50 பேருக்கு மேல் இருப்பதால் இழப்பீடு விதிகள் உங்களுக்குப் பொருந்தும். அது என் துறை இல்லை. தொழிலாளர் சட்டம் பார்க்கும் வக்கீலைக் கேட்காமல் போர்டில் எந்த நோட்டீசும் ஒட்டாதீர்கள்.

என்னால் உறுதியாகச் சொல்ல முடியாதவை இரண்டு. அமெரிக்க ஆர்டர் திரும்புமா என்பது முதலாவது. வரியை அரசுகள் பேசி மாற்றலாம், ஆனால் வாங்குபவர் அதற்குள் வேறு நாட்டுச் சப்ளையரின் டைக்கு அங்கீகாரம் கொடுத்துவிட்டால், வரி குறைந்தாலும் சரக்கு தானாக உங்களிடம் வராது. ஏற்றுமதியாளரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள்: மாற்று சாம்பிள் போயிருக்கிறதா? அவர் பதில் சொல்லத் தயங்கினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது, பம்ப் கம்பெனிகள் இந்த நேரம் பார்த்து விலைக் குறைப்புக் கேட்பார்கள். எவ்வளவு இறங்கலாம் என்பது உங்கள் காம்பவுண்ட் செலவும் ரிஜெக்‌ஷனும் தெரியாமல் வெளியிலிருந்து சொல்லக்கூடியது இல்லை.

பில் வாரியாகப் பாக்கியைப் பிரித்த பிறகு, பம்ப் கம்பெனிகளின் பணம் சராசரியாக எத்தனை நாளில் வருகிறது என்று இங்கே எழுதுங்கள். 90ஐத் தாண்டியிருந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ட்ரெட்ஸ் பதிவைச் செய்யுங்கள். அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று சொல்கிறேன்.